எந்த வீட்டுச் சாவு

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று காலையில் மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம். கடல் பூங்காவைக் காப்பாற்ற மக்கள் ஆதரவைத் திரட்டப் போகிறார்களாம். திரட்டுவதற்கு நாங்கள் என்ன பாலாடையா என்று செவத்தி மதினியின் காதில் கேட்டேன். மதினி சிரித்த சிரிப்பில் மைக் ஒரு தடவை கீச்சென்று கத்தியது.

பூங்கா என்றால் பூவும் இல்லை, பெஞ்சும் இல்லை. எங்கள் ஊருக்கு எதிரே இருக்கிற கொக்குத்தீவும், அதைச் சுற்றியிருக்கிற தண்ணீரும், தண்ணீருக்கு அடியில் இருக்கிற பாறையும் புல்லும்தான் பூங்கா. பன்னிரண்டு வயதிலிருந்து விரலில் துணி சுற்றிக்கொண்டு நான் முங்கிக் கடல்பாசி எடுக்கிற இடம் அது. அதற்குப் பூங்கா என்று பெயர் இருப்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பாசி மூட்டைகளை வனத்துறைக் காவலர்கள் அவிழ்த்துக் கடலில் கொட்டினார்களே, அன்றைக்கு. மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

மேடையில் இரண்டு பேர். ஒருவர் தொண்டு நிறுவனத்துக்காரர். திரையில் படம் படமாகக் காட்டினார். பெயர் நீளமாக இருந்ததால் நான் படம் சார் என்று வைத்துவிட்டேன். இன்னொருவர் புது ரேஞ்சர், தென்னரசு. சின்ன வயசு. வெயிலில் மூக்கு உரிந்து போயிருந்தது. படம் சார் ஒரு மணி நேரத்தில் சொல்லாததை ரேஞ்சர் எழுந்து நின்று சொன்னார்.

“சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. ஆவுளியா குட்டியோட திரியுற காலம் இது. செப்டம்பர் இருபது வரைக்கும் தீவுக்கு மேற்கே புல்லுக்காட்டுல திருக்கை வலை விழக் கூடாது. விழலைன்னா, பொம்பளைங்க மாசத்துல பாதி நாள் தீவைச் சுத்திப் பாசி எடுக்கலாம். ஆளுக்கு ஒரு அட்டை நானே தர்றேன். விழுந்துச்சுன்னா மேலிடம் என்னையும் கேக்காது, உங்களையும் கேக்காது. மொத்தமாப் பூட்டிரும்.”

ஆவுளியா என்றால் கடல் பசு. புல் மேய்ந்துவிட்டு மூச்சு விட மேலே வரும். திருக்கை வலை என்பது அகலக் கண் வலை. திருக்கை மீனுக்காகச் சாயங்காலம் விரித்து, விடியும்போது எடுப்பார்கள். அதில் ஆவுளியா மாட்டினால் மேலே வர முடியாது. அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஐந்து வீட்டில் அந்த வலை இருக்கிறது. ஒன்று எங்கள் கொல்லையில் காய்கிறது. இதை எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஆதரவு தருகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் படம் சார். ஊரே தூக்கியது. எங்கள் வீட்டுக்காரர் மிக்கேல் இரண்டு கையையும் தூக்கினார். பக்கத்தில் சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாசிக்காரப் பெண்களுக்கு என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். தகுதி என்னவென்று கேட்டேன். வாய் என்றார்கள்.

பூங்காவுக்குப் பங்காளிகள் சேர்ந்திருக்கிறார்களாம். ஒரு ஜவுளிக்கடை, ஒரு லாட்ஜ், ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி. ஆளுக்கு ஒரு பனியன் வந்தது. முன்னால் ஜவுளிக்கடை பெயர் நெஞ்சு கொள்ளாத அளவுக்கு இருக்கிறது. பின்னால் ஆவுளியா, ஒரு கத்தரிக்காய் அளவுக்கு. பாவம், அதற்குத் துணி எடுக்கிற பழக்கம் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பூசை. நண்டுக் குழம்பு. தலைவிக்கும் பாத்திரம் கழுவ ஆள் கிடையாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

படம் சாரும் நானும் வலை வீடுகளுக்குப் போனோம். வீடு வீடாகப் போய் மனதை மாற்ற வேண்டுமாம். வெயிலில் அவர் சட்டை நிறம் மாறியதுதான் மிச்சம்.

முதலில் தொம்மை வீடு. தொம்மை, செவத்தி மதினியின் வீட்டுக்காரர். ஊரில் சத்தமாகப் பேசுவதற்கென்று தனியாக ஒருவரை வைத்தால் அவரைத்தான் வைக்க வேண்டும்.

“வாங்க சார், ஒக்காருங்க. நான் தயார் சார். மத்தவன் நிறுத்துனா இந்த நிமிசமே நிறுத்துறேன்.”

“நீங்க முதல்ல ஆரம்பிச்சா நல்லா இருக்குமேங்க” என்றார் படம் சார்.

“நான் நிறுத்துவேன் சார். இந்தா நிக்கிறாளே பிரகாசி, இவ புருசன் மிக்கேலு என் எடத்துல வலையப் போட்டுட்டு மீசையத் தடவுவான். அத நான் பாக்கணுமா?”

“அவருக்கு மீசையே இல்லையே அண்ணே” என்றேன்.

“வச்சுத் தடவுவான்.”

அடுத்த மூன்று வீட்டிலும் அதே பதில். தண்ணீர் மட்டும் வேறு வேறு செம்பில் கொடுத்தார்கள். ஐந்தாவது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் படம் சாருக்கு அது என் வீடு என்று தெரிந்தது. உள்ளே போய், விருந்தாளி மாதிரி அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன்.

“நான் போடலைன்னா தொம்மை போடுவான் சார்” என்றார் எங்கள் வீட்டுக்காரர். “அப்புறம் கடலும் போச்சு, திருக்கையும் போச்சு. என் பொண்டாட்டிகிட்ட வேணும்னா கேளுங்க.”

“தெரியலையே சார், இப்பத்தான இவரப் பாக்குறேன்” என்றேன்.

ஆக, ஐந்து வீடும் தயார். ஆரம்பிக்கத்தான் ஆள் இல்லை. நூற்றுக்கு நூறு ஆதரவு என்று படம் சார் குறித்துக்கொண்டார். அவர் பொய் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள், சுதந்திர தினக் கொடியேற்றம், மனிதச் சங்கிலி மூன்றும் ஒரே நாளில். மாதா பொறுமைசாலி.

கடற்கரை நெடுக எல்லோரும் கைகோத்து நின்றோம். பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிப் பெண்கள், ஜவுளிக்கடை முதலாளி, அவர் பின்னால் குடை பிடித்தவர். எங்கள் வீட்டுக்காரரின் இடது கை ரேஞ்சர் கையில், வலது கை தொம்மை கையில். மணல் சுட்டது. ஆளாளுக்குக் காலை மாற்றி மாற்றி வைத்ததில் தூரத்திலிருந்து பார்த்தால் ஆடுகிற மாதிரி இருந்திருக்கும். “கடலம்மா மேல் ஆணை, பூங்காவைக் காப்போம்” என்று உறுதிமொழி சொன்னோம். ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். கப்புகளைக் கடற்கரையில் போட்டோம். பிறகு அதைப் பொறுக்குகிற நிகழ்ச்சி இருந்தது. அதற்குத் தனியாகப் போட்டோ.

பொழுது சாயும்போது எங்கள் வீட்டுக்காரர் வள்ளத்தைக் கடலில் இறக்கினார்.

“எங்கிட்டு?” என்றேன்.

“கணவாய்க்குத் தூண்டில் போடப் போறேன்.”

தூண்டிலை எடுத்துப் போவதற்கு இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற மூட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கணவாய் மீன் புத்திசாலியாம். பெரிய ஏற்பாடு தேவைப்படும் போல.

ஆகஸ்ட் 18, திங்கள்

கணவாய் கிடைக்கவில்லை. திருக்கைக் குழம்பு வைத்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இவர் விடிவதற்கு முன்பே வந்துவிட்டார். வெறும் வள்ளம். வழக்கமாக வந்ததும் கொல்லையில் விரிக்கிற மூட்டையை இன்று விரிக்கவில்லை. பனியனைக் கழற்றிக் கிணற்றடியில் போட்டு நெடுநேரம் அலசினார். ஜவுளிக்கடைப் பெயர் வெளுத்துவிட்டது.

சோறு வைத்தேன். பிசைந்தார், வைத்துவிட்டார். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த தடம். கணவாய் அவ்வளவு பலமாக இழுத்ததா என்று கேட்டால் சிரிப்பார் என்று நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி வைத்துவிட்டுப் பாசி காயப்போடப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் ஆவுளியா கரையேறியிருந்தது.

கரையேறியது என்று எழுதுவது பழக்கதோஷம். அது ஏறவில்லை. அலை கொண்டுவந்து போட்டது. ஒரு வள்ளத்தில் பாதி நீளம். வாலைச் சுற்றி வலை இறுக்கிய கோடு. தலைமாட்டில் ஊரே நின்றது. ஆண்கள் யாரும் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. மேகத்தைப் பார்த்தார்கள், நண்டுக் குழியைப் பார்த்தார்கள். தொம்மை அண்ணன் தன் கட்டைவிரலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேஞ்சர் கால்நடை டாக்டரோடு வந்தார். டாக்டர் சுற்றிவந்து பார்த்தார். குனிந்து, அதன் கைத்துடுப்பைத் தூக்கி, அக்குளில் அமுக்கிப் பார்த்தார். வெள்ளையாக வந்தது.

“பால் இருக்கு. குட்டி வெளிய எங்கயோ நிக்குது” என்றார்.

செவத்தி மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை.

ரேஞ்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“யாரு வலைன்னு இன்னிக்கு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா நீங்க சொல்லவும் மாட்டீங்க. ஒடம்பு கெடச்சுதுன்னு மட்டும் எழுதுறேன். ஆனா இன்னும் ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு வலை அந்தப் புல்லுக்காட்டுல விழுந்தாலும் தீவைப் பூட்டுறதுக்கு நானே கையெழுத்துப் போடுவேன். பிரகாசியம்மா, கேட்டுச்சா?”

“கேட்டுச்சு சார்” என்றேன். பாசி எடுக்கிற அறுபது பெண்கள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டாக்டருக்கு ஆயுதம் போதவில்லை. நாளைக்கு ஆட்களோடு வந்து அறுத்துப் பார்த்துப் புதைப்பதாகச் சொல்லித் தார்ப்பாய் போட்டு மூடி, ஒரு காவலரை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் கரைக்கு வந்து பார்த்தால், தொம்மை அண்ணன் வள்ளத்தில் மூட்டை ஏறிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து அடுத்த வீடு. அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு.

“என்னண்ணே, கணவாய்க்கா?” என்றேன்.

“அவன் ஏத்துறான், நான் ஏத்துறேன். அவன எறக்கச் சொல்லு, நான் எறக்குறேன்.”

அவனிடம் போனேன். அவன் இவரைக் கை காட்டினான். எங்கள் வீட்டுக்காரர் வள்ளத்து ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏற்றவும் இல்லை. யாரையும் தடுக்கவும் இல்லை.

நான் நேராகக் கோயிலுக்குப் போய் மணிக்கயிற்றைப் பிடித்தேன்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். சாவு மணி அடித்தால், அடக்கம் முடியும் வரை எந்த வள்ளமும் கடலில் இறங்காது. செத்தவர் வீட்டு வலை முப்பதாம் நாள் பூசை முடியும் வரை நனையாது. நனைத்தால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் எட்டிப் பார்க்காது. இதற்கு யாரும் உறுதிமொழி எடுத்ததில்லை. பனியன் போட்டதில்லை. அதனால்தான் யாரும் மீறியதில்லை.

மணியடிக்கிற கோயில்பிள்ளை சந்தியாகு ஓடிவந்து கயிற்றைப் பறித்தார்.

“ஏ பிரகாசி, என்ன வெளையாட்டு இது! எந்த வீட்டுச் சாவு? வீட்டுப் பேரு சொல்லாம மணி அடிக்கக் கூடாது.”

அதற்குள் இரண்டு அடி அடித்துவிட்டேன். கரையிலிருந்து ஆண்கள் ஈரக் காலோடு ஓடிவந்தார்கள்.

“எங்க வீட்டுச் சாவு” என்றேன்.

“ஒன் வீட்ல யாரு செத்தா?”

“கரையில கெடக்கிறா, போய்ப் பாரு மாமா. பொம்பளை. பிள்ளைக்குப் பால் குடுக்கிறவ.”

தொம்மை அண்ணன் கெக்கெக்கே என்று சிரித்தார். “அது ஒனக்கு என்ன முறை வேணும் தங்கச்சி? அக்காளா, கொழுந்தியாளா?”

“நான் முங்குற எடத்துல மேயுறவ. முப்பது வருசமா ஒரே எடத்துல வேலை. ஒங்களுக்கும் எனக்கும் உள்ள முறையவிட அது கிட்டத்து முறை அண்ணே.”

நாலு பேர் சிரித்தார்கள். சந்தியாகு மாமா சிரிக்கவில்லை. மணி விஷயத்தில் அவருக்கு விளையாட்டு கிடையாது. என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினார்.

“மிக்கேலு, வீட்டுக்காரன் நீ சொல்லு. இது ஒன் வீட்டுச் சாவா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் சிரித்துவிட்டு வள்ளத்தை இறக்கும். நான் இன்னும் பத்து வருஷத்துக்கு எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் வேடிக்கைக் கதை. விடிவதற்குள் தீவும் போகும்.

இவர் தரையைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டார்.

“அடிங்க மாமா” என்றார்.

ஏன் ஒத்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. மணி அடித்தது. வள்ளங்களிலிருந்து மூட்டைகள் இறங்கின.

ஆகஸ்ட் 23, சனி

அடக்கம். டாக்டர் அறுத்துப் பார்த்தார், வனத்துறை ஆட்கள் குழி தோண்டினார்கள், நாங்கள் மண் போட்டோம். ரேஞ்சருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எங்கேயோ போய் ஒரு மாலை வாங்கி வந்திருந்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றவர், கடைசியில் இவரிடம் கொடுத்தார். இவர் வாங்கினார். குனிந்து மண் மேல் வைத்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று ஊரார் சோறு கொண்டுவருகிறார்கள். கேலிக்குத்தான் ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள், “வயசு என்ன இருக்கும் பிரகாசி?” என்று துக்கம் விசாரித்தாள். “நம்ம வயசுதான், ஒன்ன மாதிரியே இடுப்பு” என்றேன். இரண்டாவது வந்தவள் கேலி பண்ண மறந்துவிட்டாள். பால் இருந்ததாமே என்று கேட்டுவிட்டுத் தன் கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இவர் கூடத்து மூலையில் சாவு வீட்டு ஆண்பிள்ளை மாதிரியே உட்கார்ந்திருக்கிறார். யாராவது கையைப் பிடித்தால் பிடித்தவருக்கு விடுதலை கிடையாது.

ஏழு வீட்டுச் சாம்பாருக்கு நான் ஒருத்தி என்ன செய்வேன். கோழிகள் கொழுக்கின்றன.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்று நான் நிம்மதியாகத் தூங்கியதற்குக் காரணம் முட்டாள்தனம். அடக்கம் முடிந்துவிட்டது. சாவு வீட்டு வலைதானே நனையக் கூடாது? மற்ற நாலு வீட்டுக்கு என்ன தடை? இன்று மதியம் தொம்மை அண்ணன் வாசலிலேயே வலையைத் தட்டி உதறிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கட்டும் என்று பாட்டு வேறு.

நான்கு மணிக்குச் செவத்தி மதினி என் வீட்டுக்கு வந்தாள். கறுப்புச் சேலை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். என் நாத்துனா போனாளே, பிள்ளையத் தவிக்க விட்டாளே என்று. தெருவே கூடிவிட்டது. தொம்மை அண்ணன் வலை ஊசியும் கையுமாக வந்து நின்றார்.

“ஏய், என்னடி இது?”

“பிரகாசிக்கு அவ ஒடம்பொறப்புன்னா, எனக்கு நாத்துனா முறை ஆகாதா? எனக்கு நாத்துனான்னா ஒங்களுக்குத் தங்கச்சி. தங்கச்சி செத்து அஞ்சு நாள்கூட ஆகல, வலைய ஒதறிக்கிட்டா நிக்கிறீங்க?”

“மீனுக்கு நான் அண்ணனா?”

“மீன் இல்ல. பால் குடுக்கிற சாதி. அந்த டாக்டரு சொன்னாருல்ல? நீங்க போய் வலையப் போடுங்க. நாளைக்கு ஒங்க அம்மாளுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊரு வருதான்னு நானும் பாக்குறேன்.”

அறுபது பெண்கள் தெருவில் நின்று தொம்மை அண்ணனையே பார்த்தார்கள். அவரிடம் எவ்வளவோ சத்தம் இருக்கிறது. ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. வலை ஊசியை மடியில் செருகிக்கொண்டு வந்து, இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

எட்டு வருஷமாக மதினிக்கும் எனக்கும் குழாயடிக்குப் போனால் சண்டைதான். போகும்போது, “கண்ணீரு நெசந்தான், ஒனக்காக இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பொம்பளை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மிச்சம் மூன்று வீட்டுப் பெண்களும் முறை சொல்லிவிட்டார்கள். ஒருத்திக்குச் சித்தி. ஒருத்திக்குச் சம்பந்தி. கடைசி வீட்டுக்காரி யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, “எனக்கு அவ ஞானத்தாய்” என்றாள். ஆவுளியாவுக்கு உயிரோடு இருந்தபோது இவ்வளவு சொந்தம் இல்லை.

ஐந்து வீட்டு வலையும் காய்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

படம் சார் வந்தார். திட்டம் வெற்றியாம். மனிதச் சங்கிலியின் தாக்கம் என்று தலைப்புப் போட்டு மேலே அனுப்பிவிட்டாராம். சாவு மணி, துக்கம், முக்காடு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதை எந்தத் தலைப்புக்குக் கீழே போடுறதுன்னு தெரியலையேம்மா” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். நாற்காலியில் உட்காராமல் இவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். மனுஷன் மோசமில்லை. தலைப்புகள்தான் சரியில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தானும் ஒன்றை எடுத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இது முதல் வெங்காயம்.

“குட்டி வள்ளத்தச் சுத்திச் சுத்தி வந்துச்சு” என்றார்.

நான் உரித்துக்கொண்டே இருந்தேன்.

“வலைய அறுத்து விட்டேன். அதுக்குள்ள...”

“கண்ணத் தொடைங்க, வெங்காயம்” என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தொம்மை அண்ணன் தீவுப் பக்கம் தூண்டில் போடப் போய் வந்தார். நிஜமாகவே தூண்டில். புல்லுக்காட்டின் ஓரத்தில் குட்டி ஒன்றைப் பார்த்தாராம், இன்னொரு பெரியதோடு. “மருமகப்பிள்ளைய வேற யாரோ சேத்துக்கிட்டாங்க” என்று கத்திக்கொண்டே கரையேறினார். ஊர் முழுக்கக் கேட்டது. அந்தக் குட்டிதானா என்று யாருக்குத் தெரியும். யாரும் அப்படிக் கேட்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

ரேஞ்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மண்டபத்தில் ஆளுக்கு ஓர் அட்டை, போட்டோவோடு. போட்டோவில் அறுபது பேரும் திருடிகள் மாதிரி இருக்கிறோம். திங்கட்கிழமையிலிருந்து தீவுக்குப் போகலாம். பெண்கள் என்னைத் தூக்கப் பார்த்தார்கள். முடியவில்லை.

பிறகு நாளைக்கு முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்ல நானும் இவரும் பங்குச் சாமியாரிடம் போனோம்.

“பிராணிக்குப் பூசை வைக்க முடியாதேம்மா” என்றார் சாமியார். சிரிப்பை அடக்குகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. “குடும்பத்தோட வேண்டுதல் கருத்துக்காகன்னு வேணா வைக்கலாம். என்ன கருத்துன்னு சொல்லு மிக்கேல்.”

“தெரியாமச் செஞ்ச பிழைக்காக, சாமி.”

சாமியார் எழுதிக்கொண்டார். நாங்கள் வாசல் வரை வந்துவிட்டோம். இவர் நின்றார். திரும்பிப் போனார்.

“சாமி, தெரியாமங்கிறத அடிச்சிருங்க. தெரிஞ்சு செஞ்ச பிழைன்னு போடுங்க. மிக்கேல் செஞ்சதுன்னு என் பேரு மட்டும் போடுங்க. குடும்பம் வேணாம்.”

“இதச் சத்தமா வாசிப்பாங்க மிக்கேல். ஊரே இருக்கும்.”

“இருக்கட்டும் சாமி.”

வழியில் செவத்தி மதினி பிடித்துக்கொண்டாள். எப்படியோ அதற்குள் தெரிந்துவிட்டது. “அண்ணே, ஒங்களுக்குப் பைத்தியமா? இப்பத்தான அட்டை கைக்கு வந்திருக்கு. ரேஞ்சர் காதுல விழுந்தா எல்லாத்தையும் திருப்பி வாங்கிருவாரு. ஏ பிரகாசி, நீ சொல்லேன்டி!”

நான் சொல்லவில்லை. எனக்கு வாய் இருக்கிறது என்றுதான் தலைவி ஆக்கினார்கள். இன்று பார்த்துக் காணோம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வாசித்தார்கள். “மிக்கேல் தெரிந்து செய்த பிழைக்காக மன்றாடுவோம்.” ஊர் மன்றாடியது. பின்வரிசையில் ரேஞ்சர் நின்றுகொண்டிருந்தார். துக்க வீட்டுப் பூசைக்கு நான்தான் அழைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் இவர் நேராக அவரிடம் போனார்.

“என் வலைதான் சார்.”

ரேஞ்சர் மூக்கைச் சொறிந்தார். தோல் இன்னும் உரிந்துகொண்டுதான் இருக்கிறது.

“அன்னிக்கு முக்காடு போட்டீங்கன்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும்ணே. நீங்களா வருவீங்களான்னு பாத்தேன்.” பிறகு பின்னால் கும்பலாக நின்ற எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். “அட்டை அட்டைதான். யாருகிட்டயும் திருப்பி வாங்க மாட்டேன். கேசு கேசுதான். அது எழுதித்தான் ஆகணும். நாளைக்குக் காலைல ஆபீசுக்கு வந்துருங்கண்ணே. கூட்டிட்டு வர ஆள் அனுப்ப மாட்டேன்.”

“வந்துர்றேன் சார்.”

செப்டம்பர் 22, திங்கள்

விடியும்போதே தெருவெல்லாம் பேச்சு. விரலுக்குத் துணி சுற்றுகிறார்கள், முங்குகிற கண்ணாடியைத் துடைக்கிறார்கள், அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுகிறார்கள். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ணியதில்லை. யாரும் மூட்டையைக் கொட்டாத முதல் நாள் இது. செவத்தி மதினி வள்ளத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

“ஏ தலைவி! ஏறு, நேரமாகுது!”

“போங்க மதினி. எனக்கு டவுனுக்குப் போகணும்.”

மதினி என்னையும், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்ற இவரையும் பார்த்தாள். வள்ளத்தைத் தள்ளச் சொன்னாள்.

பஸ்ஸில் இவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பாதி வழியில், “ஜெயிலா இருந்தா எம்புட்டு நாளு இருக்கும்?” என்றார். “சோறு அங்க நல்லா இருக்குமாம், வெங்காயம் உரிக்க விடுவாங்களாம்” என்றேன். சிரித்தார். அதற்குப் பிறகு இறங்கும் வரை என் கையை விடவில்லை.

ஆபீசில் ரேஞ்சர் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். இவரை உட்கார வைத்தார். நான் இன்னொன்றில் உட்கார்ந்தேன்.

“நீங்க எதுக்கும்மா வந்தீங்க? இன்னிக்குத் தீவுக்குப் போற நாளாச்சே” என்றார்.

“சாவு வீட்டுக்காரி சார். நான் வராம எப்படி?”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.